கூப்பிடப் போனவர்

1

ஐப்பசி மாதத்தில் நான் இருக்கும் ஊரில் இரண்டு காரியங்கள் ஒன்றாக வரும். ஒன்று, என் கணவர் சவரிமுத்துவுக்காக நான் ஒப்புக்கொடுக்கும் நினைவுப் பூசை. இன்னொன்று, புது ஒயின் திருவிழா. மேற்கு ஜெர்மனியில் ரைன் நதியை ஒட்டிய சின்ன ஊர் இது. சுற்றியுள்ள மேடெல்லாம் திராட்சைத் தோட்டம். அறுவடை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பந்தல் போட்டு, பாதி நுரைத்துப் பாதி இனிக்கிற புது ஒயினை ஜாடி ஜாடியாக ஊற்றுவார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள்கூட உண்டு. யாரும் தள்ளாட மாட்டார்கள், யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். இதுவும் குடிதான் என்று என் மனசுக்குப் படவே சில வருஷம் ஆயிற்று.

இந்த வருஷப் பூசையிலும் பாதிரியார் என் கணவர் பெயரை "சஃபாரிமுட்டு" என்றே வாசித்தார். ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொடுக்கிறேன், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். என் மகள் ரீத்தா பூசைக்கு வரவில்லை. முடிந்து வெளியே வந்தபோது பந்தலில் தோழிகளோடு நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயதாகிவிட்டது. ஒயின் வாங்க இங்குள்ள சட்டம் அவளை அனுமதிக்கிறது. வீட்டுக்கு வந்து அவள் கழற்றிய கோட்டை வாங்கி மாட்டும்போது அந்த வாசனை வந்தது. சாராய நெடி இல்லை, பழ வாசனைதான். ஆனாலும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னைக்கு அப்பா நாள்," என்றேன்.

"ஒரு கிளாஸ்தான்," என்றாள் ஜெர்மனில். என்னிடம் பெரும்பாலும் ஜெர்மனில்தான் பேசுகிறாள். "எல்லாரும் குடிச்சாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குக் காமாலைதானே? அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று கேட்டாள்.

காமாலை என்று சொல்லிவைத்தவள் நான்தான். அது பொய்யும் இல்லை. கண் மஞ்சளாகித்தான் போனார். ஆனால் ஏன் மஞ்சளானது என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்லியும்விட்டேன். அவளிடம் சொன்னதையும், சொன்ன பிறகு நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் கணியம்பாடிப் பக்கத்து அடிவாரக் கிராமத்துக் கிறிஸ்தவர்கள். நான் நர்ஸ் படிப்பு முடித்ததும், ஜவ்வாது மலை மேலே ஜமுனாமரத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மருந்தகத்தில் வேலை கிடைத்தது. சவரி லாரி டிரைவர். மலையில் விளையும் புளியையும் சாமையையும் பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி, போளூர் மண்டியில் போட்டுவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

அது மதுவிலக்குக் காலம். மலைக்குக் கீழே இருந்தவர்கள் அதனால் குடி இல்லை என்று நினைத்திருக்கலாம். மலையில் ஓடையோரத்துப் புதர் தோறும் ஊறல் பானை இருந்தது. காய்ச்சிய சாராயத்தை லாரி டியூபில் அடைத்துப் புளி மூட்டைக்கு அடியில் வைத்துக் கீழே இறக்குவார்கள். என் கணவரின் லாரியிலும் இறங்கியது. கூலி பாதி காசாகவும் பாதி சரக்காகவும் வரும்.

அவர் குடித்துவிட்டு அடிக்கிறவர் இல்லை. குடித்துவிட்டு வந்தால் வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார். என்னிடம், கைக்குழந்தையாக இருந்த ரீத்தாவிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம், நாயிடம்கூட. காலையில் அது எதுவும் நினைவிருக்காது. அடித்திருந்தால் அண்ணன்களிடம் போய்ச் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிற ஆளைப்பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

அவருக்குச் சரக்குக் கொடுத்தவர் காளி. ஜமுனாமரத்தூரை ஒட்டிய மலைக் கிராமத்து விவசாயி. சாமை விதைப்பார், நாலைந்து புளியமரம் உண்டு, கொல்லைக்குப் பின்னால் சாராயமும் காய்ச்சுவார். அவர் மனைவி சின்னக்கண்ணு மருந்தகத்துக்கு வருவாள். அப்படி எனக்குப் பழக்கம். காளிக்கு ஒரே தம்பி, வெள்ளையன். கல்யாணமாகாத பையன். என் கணவரோடு லாரியில் மூட்டை ஏற்றப் போவான்.

ஒரு தை மாதம், சந்தை நாளன்று, மூன்று பேரும் சேர்ந்து ஓடைப் பக்கம் குடித்தார்கள். இரண்டு பேர் வீடு வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது ஆளை எங்கே விட்டோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. விடிந்ததும் ஊர் தேடியது. வெள்ளையன் பாறை மேலே படுத்திருந்தான். மலைப் பனியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. காயம் ஒன்றும் இல்லை. சட்டை நனைந்திருந்தது, முழங்கால் இரண்டும் மார்போடு மடங்கியிருந்தன.

3

அடக்கம் முடிந்த மறுநாள் காளி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊறல் பானையை உடைத்துவிட்டு வந்திருந்தார். என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"டிரைவரே, எந்திரி," என்றார் காளி. "நா சாமி கிட்ட எத்தினியோ தபா சத்தியம் பண்ணிட்டேன். சாமிக்கும் பழகிப்போச்சு. இனிமே ஒங்கிட்ட பண்றேன். நீ எங்கிட்ட பண்ணு."

சவரி திரும்பவே இல்லை. "என்னால ஆவாதுண்ணா," என்றார்.

"என்னாலயும் தான் ஆவாது. அதுக்குத்தான் வந்தேன்."

குடியை நிறுத்துவது என்றால் என்னவென்று நர்ஸ் படிப்பில் எங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. நிறுத்திய மூன்றாம் நாள் என் கணவருக்குக் கை கால் உதறியது. வேர்த்துக் கொட்டியது. வாரத்துக்கு ஒருமுறை மலையேறி வரும் டாக்டர் கொடுத்துவிட்டுப் போன தூக்க மாத்திரை போதவில்லை. மத்தியான வெளிச்சத்தில் சுவர் மூலையைக் காட்டி, "வெள்ளையன் ஒக்காந்துனு கீறான். குளுருதாம். கம்பளி கேக்கறான்," என்று கத்தினார். நான் அங்கே யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அதிகமானது.

கூடவே இருந்த காளி எழுந்து கொடியில் கிடந்த கம்பளியை எடுத்தார். மூலைக்குப் போய்த் தரையில் விரித்துப் போர்த்தினார். திரும்பி வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குடுத்துட்டேன் டிரைவரே. இப்ப குளுரு வுட்டுப்போச்சு. தூங்கறான், பாரு."

என் கணவர் பார்த்தார். பிறகு அவரும் தூங்கினார். காளி வாசலுக்குப் போய் நின்றார். அவர் தோள்கள் குலுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் குடி நின்றிருந்தது. அவருக்குக் கையைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

உடம்பு தேறியதும் சாயங்காலம்தான் பெரிய கண்டமாக இருந்தது. வெயில் சாய்கிற நேரத்துக்கு வாய் உலரும், கை பரபரக்கும். அதற்குச் சின்னக்கண்ணு ஒரு வழி செய்தாள். புளிக்காலம் தொடங்கியிருந்தது. அவள் வீட்டு முற்றத்தில் புளியைக் கொட்டி, இருவர் கையிலும் ஆளுக்கொரு கட்டையைக் கொடுத்து உட்கார வைத்தாள். ஓட்டை உடை, கொட்டையைத் தட்டு, நாரை இழு. கை சும்மா இருக்கக் கூடாது. குடிக்கிற நேரம் வந்ததும் சாமைக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பாள். அதை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் அந்த நேரம் போய்விடும்.

பார்த்துவிட்டு இன்னும் சில ஆண்கள் வந்தார்கள். சந்தைத் தெருவில் தையல் மெஷின் வைத்திருந்தவர், காட்டிலாகாவில் காவல் வேலை பார்த்தவர், புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பெண் எடுத்துத் தங்கிவிட்ட ஒருவர். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் கட்டையை வைத்துவிட்டு எழுந்து அவர் வீட்டுக்குப் போவார்கள். "இன்னா, வரல?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் வைத்திருந்த சட்டம். புளிக்காலம் முடிந்ததும் கயிறு திரித்தார்கள், பிறகு சாமை புடைத்தார்கள், அதற்குப் பிறகு செய்ய வேலை இல்லாமலேயே உட்கார்ந்தார்கள். ரீத்தா அந்த முற்றத்தில்தான் நடக்கப் பழகினாள். ஒருவர் முழங்காலிலிருந்து இன்னொருவர் முழங்காலுக்குத் தத்தித் தத்திப் போவாள்.

நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அந்தச் சில மாதங்களைத்தான் சொல்ல வேண்டும்.

4

இங்கே வந்த புதிதில் நடந்த ஒன்று. இந்த நாட்டில் வீடு மாறினால் நகர அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். புது வீட்டில் குடிபுகுவதற்கு இவர்கள் மொழியில் "அய்ன்சூக்" என்பார்கள். ஆஸ்பத்திரியில் நான் அன்றாடம் கேட்டுப் பழகிய வேறொரு சொல் உண்டு, "என்ட்சூக்". குடியை நிறுத்துகிறவர் படுகிற பாட்டுக்கு அந்தச் சொல். அலுவலகப் பெண்மணி எப்போது என்று கேட்க, நான் "என்ட்சூக் மே மாதம்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "அது உங்கள் சொந்த விஷயம், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை," என்றாள். வெளியே வந்த பிறகுதான் பிழை புரிந்தது. தமிழில் இரண்டுமே குடிதான் என்று நினைத்துச் சிரித்தேன். பேருந்தில் பாதி வழியிலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ரீத்தாவை இங்கே அழைத்துக்கொள்ள நான் பட்டதை எழுதினால் நீளும். நர்ஸ்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கிய நாடு, நர்ஸ்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. முதல் இரண்டு வருஷமும் அவள் என் பெரிய அண்ணன் வீட்டில் இருந்தாள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: குழந்தை இங்கே வருவதற்குத் தந்தையின் சம்மதக் கையெழுத்து எங்கே? தந்தை இறந்துவிட்டார் என்பேன். அதற்கு அத்தாட்சி கேட்பார்கள், அதற்கு மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு முத்திரை. ஒரு அதிகாரி கடைசியில், எதனால் இறந்தார் என்று கேட்டார். கல்லீரல் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே கேட்கவில்லை. இந்த ஊரில் அந்த ஒரு சொல் போதும்.

என் வார்டில் பிறந்தநாள் என்றால் காபி நேரத்தில் பொங்குகிற ஒயின் பாட்டில் ஒன்றைத் திறப்பார்கள். நான் வேண்டாம் என்றால், உன் மதத்தில் கூடாதா என்பார்கள். நான் கத்தோலிக்கப் பெண் என்று தெரிந்தும் கேட்பார்கள். பாட்டில் காலியான பிறகு, அடுத்த அறையில் குடியால் வயிறு வீங்கிக் கிடக்கிறவருக்கு மருந்து கொடுக்கப் போவோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் இங்கே இல்லை.

5

எங்கள் முற்றத்துக் கூட்டம் தொடங்கி ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகியிருக்கும். அரசாங்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டது. ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சாராயக் கடை வந்தது. கீற்றுக் கொட்டகை, முன்னால் வாழை மரம் கட்டி, பூசை போட்டுத் திறந்தார்கள். புதருக்குள் ஒளிந்து குடித்தவர்கள் ரோட்டில் நின்று குடித்தார்கள். குற்றமாக இருந்தது ஒரே நாளில் வியாபாரமாகிவிட்டது.

முதலில் தையல்காரர் வரவில்லை. மற்றவர்கள் கட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்கள். ஒரு நாள் வந்தார், மறுநாள் வரவில்லை. காட்டிலாகாக்காரர் போனார். எல்லோரையும்விட எங்களை உடைத்தது காளி போனதுதான்.

கடை ஏலம் எடுத்தவர் விவரமான ஆள். மலையில் யாருக்குக் காய்ச்சத் தெரியுமோ அவர்களுக்கெல்லாம் கடையில் வேலை கொடுத்தார். பீப்பாய் உருட்ட, அளந்து ஊற்ற. கள்ளச் சரக்கு தலையெடுக்காமல் இருக்க அது அவர் வழி. அந்த வருஷம் மழை பொய்த்துச் சாமை கருகியிருந்தது. காளி பீப்பாய் உருட்டப் போனார். "தொடமாட்டேன் டிரைவரே, உருட்டத்தான் போறேன்," என்றார். நாலைந்து வாரம் தொடவும் இல்லை.

பிறகு என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு நேரே கடைக்குப் போகத் தொடங்கினார். குடிக்க அல்ல. காளியைக் கூப்பிட. கொட்டகைக்கு வெளியே நின்று, "ண்ணா, வா, போவலாம்," என்பார். காளி வருவார். இருவரும் முற்றத்துக்கு வந்து உட்கார்வார்கள். கொஞ்ச நாளில் வெளியே நின்று கூப்பிட்டால் காளி வருவதில்லை. இவர் உள்ளே போனார்.

"நீ போவாதீங்க," என்றேன். அப்போதெல்லாம் மரியாதையும் உரிமையும் எனக்கு இப்படித்தான் குழம்பி வரும். "அவரு வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். உள்ள போவாதீங்க."

"மூலைல கம்பளி போட்டாரே மேரி," என்றார். "அந்த மனுசன எப்படி உட்டுட்டு வர்றது?"

அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

உள்ளே காளி அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்வாராம். "நீ குடிக்காத. சும்மா ஒக்காரு. நீ ஒக்காந்தா நா ஒரு கிளாசோட எந்திரிச்சுடுவேன்." இவர் உட்கார்ந்தார். ஒரு கிளாசோடு எழுந்துவிட்ட நாட்களும் உண்டு. பல சாயங்காலம் என் கணவர் அந்த நெடிக்குள் உட்கார்ந்து, ஒரு சொட்டும் தொடாமல், காளியைத் தோளில் தாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்த்திருக்கிறார். நான் அவர் வாயை முகர்ந்து பார்ப்பேன். அவர் கோபிக்காமல் வாயைத் திறந்து காட்டுவார்.

வெள்ளையன் செத்த நாள் திரும்பி வந்தது. தை மாதம். அன்று இருட்டுவதற்கு முன்பே சின்னக்கண்ணு என்னைத் தேடி வந்தாள். இருவரும் கடைக்கு எதிரே ரோட்டோரம் நின்றோம். பெண்கள் உள்ளே போகிற இடமில்லை அது. ரீத்தா என் இடுப்பில் இருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சின்னக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆண்கள் சிரிப்பது கேட்டது. பிறகு அவள் மட்டும் வெளியே வந்தாள்.

"இன்னாக்கா?"

"ரெண்டு பேரும் கைய புடிச்சினு அழுவறாங்க நர்சம்மா," என்றாள். "டிரைவரு முன்னாலயும் கிளாசு கீது. காலி கிளாசு."

6

அதற்குப் பிறகு என் கணவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். லாரி முதலாளி வேலையை விட்டு நீக்கினார். நிறுத்த வேண்டும் என்று அவரே நடுவில் இரண்டு முறை முயன்றார். நான் பக்கத்தில் இருந்தேன், மாத்திரை இருந்தது, கம்பளியும் இருந்தது. காளி இல்லை. ஆரம்பித்துவைத்த ஆள் எழுந்து வர முடியாத நிலையில் இருந்தார். சின்னக்கண்ணு புளியைக் கொட்டி வைத்துக்கொண்டு வெறும் முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஒரு காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். பஸ்ஸில் பின்சீட்டில் படுக்க வைத்து மலை இறக்கினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்தபோது இவர் கை நெற்றிக்குப் போகப் பார்த்தது. டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. குடிக்காதபோது அவர் மன்னிப்புக் கேட்கிறவர் இல்லை.

அடிவாரத்தில் எங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம். காளி மலையிலிருந்து நடந்தே வந்திருந்தார். குடித்திருந்ததால் உள்ளே வராமல் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றார். யாரோ துரத்தினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அரசாங்கம் சாராயக் கடைகளை மூடிவிட்டது. பேப்பரில் படித்தேன். அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் மடத்துச் சகோதரியிடம் போய் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

7

இங்கே எங்கள் கோயில் மண்டபத்தில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கிறது. குடியை விட்டவர்கள் ஒரு அறையில், அவர்கள் வீட்டார் இன்னொரு அறையில். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மெழுகுவத்தி. எங்கள் தலைமை நர்ஸ் என் கதையை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு என்னை அங்கே அனுப்பினாள். செத்துப்போனவருக்காகவும் வரலாமா என்று கேட்டேன். வரலாம் என்றார்கள்.

அங்கே ஹில்டே என்று ஒரு அம்மாள். அவள் கணவர் குடியை விட்டு ரொம்ப வருஷமாகிறது. "போய் அழைத்து வராதீர்கள்," என்பாள். "நான் அழைத்து வருவதை நிறுத்திய பிறகுதான் அவர் தானாக வந்தார்." எல்லோரும் ஆமாம் என்பார்கள். தபால் ஆபீஸில் பார்சல் வாங்கி வருவதற்கும் ஒரு ஆளை அழைத்து வருவதற்கும் இவர்கள் மொழியில் ஒரே சொல்தான். என் கணவர் போனது அப்படி இல்லை என்று சொல்ல ஆசைப்பட்டேன். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் எழுந்து போவார்கள், அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே மருந்து, அந்த மருந்தாலேயே அவர் செத்தார். இதைச் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. தமிழிலும் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று நான்கு புதன்கிழமைக்குப் பிறகு போவதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு விடுமுறையில் ரீத்தாவை அழைத்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது, மலைக்கும் போனோம். ஜமுனாமரத்தூரில் கரண்டு வந்திருந்தது. சாராயக் கடையும் மறுபடி வந்திருந்தது. அரசாங்கம் இன்னொரு முறை மனம் மாறியிருந்தது. சின்னக்கண்ணு என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். காளி வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"யாரு?" என்றார்.

"டிரைவரு வூட்டம்மா. நர்சம்மா," என்றாள் சின்னக்கண்ணு.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரீத்தாவைப் பார்த்தார். நீளக் கால்சட்டையும் வெட்டிய தலைமுடியுமாக நின்ற பெண்ணை அவருக்கு எப்படி அடையாளம் தெரிந்ததோ.

"ஒங்கப்பன் குடிக்க வரல, பாப்பா," என்றார். "என்ன கூப்புடத்தான் வந்தான். தினம் தினம் வந்தான். நாந்தான் அவங் கைல கிளாசக் குடுத்தேன். என் தம்பி பேர சொல்லி குடுத்தேன். வாங்காத இருக்க முடியில அவனால." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அவன் பூட்டான். நா ஒக்காந்துனு கீறேன்," என்றார்.

சின்னக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரீத்தா என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றார்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"உன் முகம் அப்படியே அப்பா முகமாம்," என்றேன்.

அவள் காளியைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தக் கும்பிடு என்னிடம் கற்றது. பஸ்ஸில் மலை இறங்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காளி போய்விட்டதாக அண்ணன் மூலம் தகவல் வந்தது.

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் ரீத்தாவை உட்கார வைத்து, நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். தமிழில் சொன்னேன். ஜெர்மனில் சொன்னால் வார்டில் நோயாளியின் விவரம் சொல்வது போல ஆகிவிடும் என்று பயம். வெள்ளையன், கம்பளி, புளி, கடை. அவள் மேசையில் கிடந்த ஆரஞ்சுத் தோலைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காளி மலையில் உண்மையில் என்ன சொன்னார் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் அழுவாள், அல்லது கோபப்படுவாள், ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"தெரியும்மா," என்றாள். தமிழில்.

"எது?"

"அந்தத் தாத்தா சொன்னது. அன்னைக்கே புரிஞ்சது."

"அப்ப ஏன் என்ன சொல்றார்னு கேட்ட?"

"நீ என்ன சொல்வேன்னு பாக்கத்தான்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எழுந்து ஆரஞ்சுத் தோலைக் கூடையில் போட்டாள். என் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?"

"பந்தலுக்கு. இன்னைக்குக் கடைசி நாள். எல்லாரும் இருக்காங்க."

"குடிப்பியா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "தெரியலம்மா," என்றாள். கதவருகே போய்த் திரும்பி நின்று, "நீ வராதே," என்றும் சொன்னாள்.

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக ஒன்றைச் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தேன். வேண்டிய நாள் வரும்போது எடுத்துச் சொன்னால் அது அவளைக் காப்பாற்றிவிடும் என்று நம்பியிருந்தேன். அது அவளிடம் ஏற்கனவே இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் பூசை நாளன்று அந்தக் கிளாசை வாங்கியிருக்கிறாள்.